கொத்தனார் மாமாவுடன் நாலு சர்ச், அப்புறம் சாந்தோம்: ஒரு சனிக்கிழமைச் சுற்று

முதலில் ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன்னால் தலைக்கு 700 ரூபாய் கட்டி, சென்னையின் பழைய சர்ச்சுகளைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று சொன்ன ஒரு நடைச் சுற்றுக்குப் போனேன். யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். முப்பது பேர், கையில் ஒரு மைக், அந்த மைக்கில் ஒரு தம்பி போனைப் பார்த்துப் பார்த்து வாசிக்கிறார். கோட்டையில் யாருக்குக் கல்யாணம் ஆனது, எந்தக் கல்லறையில் பேய் நடமாட்டம், இதுதான் மொத்தமும். கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒரு சர்ச்சுக்கு இருபது நிமிடம், அதில் பத்து நிமிடம் குரூப் போட்டோ. மேலே என்ன வளைவு, எதைக் கொண்டு கட்டினார்கள் என்று கேட்டால், "கடைசியில கேள்வி நேரம் இருக்கு சார்" என்றார். கடைசியில் ஜூஸ்தான் இருந்தது.

அந்தக் கடுப்பில்தான் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவோட அண்ணன். வயது 68. நாற்பது வருடம் கொத்தனார் வேலை, இப்போது முட்டி வலியால் வீட்டோடு இருக்கிறார். சர்ச் பக்கமே போனதில்லை, வருடத்துக்கு ஒரு தடவை வேளாங்கண்ணிக்கு மட்டும் போவார், அதுவும் நேர்த்திக்கடனுக்காக. "மாமா, பழைய கட்டடம் பாக்கப் போறேன், வர்றீங்களா?" என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். 700 ரூபாய்க்குக் கிடைக்காதது ரெண்டு பேருக்கும் சேர்த்து மெட்ரோ, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் போக அதைவிடக் கொஞ்சம்தான் அதிகச் செலவில் கிடைத்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

காலையில் கோட்டை. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரிஸ் சர்ச். தலைமைச் செயலகம் இருக்கிற இடம் என்பதால் பையைத் திறந்து காட்ட வேண்டும், ஆதார் மாதிரி ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும், வெளியே கண்ட இடத்தில் கேமராவைத் தூக்காதீர்கள். சர்ச்சுக்குள் போட்டோ எடுக்கலாமா என்று அங்கே இருப்பவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். எங்களை ஒன்றும் சொல்லவில்லை.

1678ல் அஸ்திவாரம் போட்டு 1680 அக்டோபரில் பிரதிஷ்டை செய்திருக்கிறார்கள். சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் ஆங்கிலிகன் கோயில்களில் இதுதான் மிகப் பழையது என்பார்கள். நடைச் சுற்றிலும் அதைச் சொன்னார்கள், ஆனால் கூரையைக் காட்டவில்லை. மாமா உள்ளே போனதும் பீடத்தைப் பார்க்கவில்லை, மேலேதான் பார்த்தார். பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி முழு நீளத்துக்கும் ஒரே வளைவு. "உத்தரமே இல்லடா" என்றார். உண்மைதான், கூரையில் மரமே கிடையாது. வரைந்து கொடுத்தவர் கோட்டையின் தலைமை பீரங்கிக்காரர் எட்வர்ட் ஃபவுல் என்று சொல்கிறார்கள். பீரங்கிக்காரன் சர்ச் கட்டினால் எப்படி இருக்கும்? குண்டு விழுந்தாலும் தாங்கணும் என்றுதான் நினைப்பான். வெளிச்சுவர் நாலடி கனம், மேல் வளைவு ரெண்டடி கனச் செங்கல். மாமா சுவர் ஓரமாக நின்று ஜன்னல் பள்ளத்தில் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இது கோயில் இல்ல, கிடங்கு மாதிரி கட்டிட்டு அப்புறம் சிலுவை வச்சிருக்கான்" என்றார். மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆன கட்டடத்துக்கு இதைவிடச் சரியான விமர்சனம் நான் படித்ததில்லை.

பீடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கடைசி இராவுணவு ஓவியம். வரைந்தவர் பெயர் இல்லை. 1761ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து அள்ளிக்கொண்டு வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஓவியம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் வெளிச்சம் போதாது, பிரதிபலிப்பு வேறு. பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் முகங்கள் தெரியும். அதைவிட என்னை நிறுத்தியது பளிங்கு வேலைகள். தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயருக்கு (1798ல் இறந்தவர்) கிழக்கிந்தியக் கம்பெனி வைத்த நினைவுச் சிற்பம் இங்கே இருக்கிறது, செதுக்கியவர் இளைய ஜான் பேக்கன். மரணப் படுக்கையும் சுற்றி நிற்பவர்களும். அதே ஷ்வார்ட்ஸுக்கு இரண்டாம் சரபோஜி தன் காசில் ஜான் ஃபிளாக்ஸ்மனை வைத்துச் செதுக்கச் சொன்ன சிற்பம் தஞ்சாவூரில் இருக்கிறது, அதில் சரபோஜியே படுக்கையருகில் நிற்பார். ரெண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தஞ்சாவூரில் இருப்பதுதான் உசத்தி. கம்பெனி வைத்தது மரியாதைக்கு வைத்த மாதிரி இருக்கிறது, சரபோஜி வைத்தது துக்கத்தில் வைத்த மாதிரி இருக்கிறது.

ஞானஸ்நானத் தொட்டியிடம் மாமா குனிந்து நின்றுவிட்டார். கருங்கல். "பல்லாவரம் கல்லு" என்றார். நான் சொல்லவே இல்லை, தானாகவே சொன்னார். அந்தப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி இறக்கிய காலம் அவருக்கு உண்டு. தொட்டி பல்லாவரம் கல்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறைக்கும் இதே பல்லாவரத்திலிருந்துதான் கல் போனது. பின்னால் அந்தக் கல் வகைக்கு சார்னாக்கைட் என்று புவியியல்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். அந்த சார்னாக்கின் பெண் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் இந்தச் சர்ச்சில்தான், 1689ல். பல்லாவரத்துக் கல்லுக்கு கல்கத்தாவில் செத்தவர் பெயர். "நம்ம கல்லுக்கு நம்ம ஊர் பேர வைக்கக் கூடாதா" என்று மாமா ரொம்ப நேரம் புலம்பிக்கொண்டே வந்தார்.

எலிஹு யேலுக்கு 1680ல் கல்யாணம், ராபர்ட் கிளைவுக்கு 1753ல் கல்யாணம், ரெண்டும் இங்கேதான். சரி, நடந்தது. அதைத் தாண்டி வெளியே வாருங்கள், ஏனென்றால் இந்தச் சர்ச்சில் எனக்கு மிகவும் பிடித்தது வெளியே, காலுக்குக் கீழே இருக்கிறது. சுற்றிலும் தரை முழுக்கக் கல்லறைக் கற்களைப் பாவியிருக்கிறார்கள். லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியன், ஆங்கிலம் என்று எழுத்துகள் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் அடியில் உடல் எதுவும் இல்லை! பழைய இடுகாடு இப்போது ஹைகோர்ட் வளாகம் இருக்கும் பக்கத்தில் இருந்தது. 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும், இனி எவனும் இதன் பின்னால் ஒளியக் கூடாது என்று கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டார்கள். பிறகு ஹைதர் அலி பயத்தில் சில கற்களைத் திரும்பவும் பெயர்த்துப் பீரங்கி நிறுத்த எடுத்துப்போனார்களாம். 1652ல் இறந்த எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல்லைத் தேடிப் பாருங்கள், இந்தியாவில் இருக்கும் ஆங்கிலேயர் கல்லறைக் கல்வெட்டுகளில் மிகப் பழையது அது என்கிறார்கள். மழைக்காலம் முடிந்து போனால் பாசி வழுக்கும், பெரியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். மிதித்து நடக்க மாமாவுக்கு மனசே வரவில்லை, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கோட்டைச் சர்ச்சுக்குப் பத்துக்கு எட்டரை. அரை மார்க் அந்தத் தரைக்காக.

அங்கிருந்து ஆர்மீனியன் தெரு. பாரிமுனை நெரிசலில், சரக்கு வண்டிகளுக்கு நடுவில் ஒரு பழைய மரக்கதவு, உள்ளே காலை வைத்ததும் சத்தம் நின்றுவிடும். 1712ல் முதலில் கட்டி, இப்போது நிற்கும் வடிவத்துக்கு 1772ல் வந்த சர்ச். இன்றைக்குச் சென்னையில் ஆர்மீனியர் என்று ஒரு சமூகமே இல்லை, எனவே வழக்கமான பூசையும் இல்லை. கலைநயம் தேடிப் போகிறவர்களுக்கு உள்ளே பெரிதாக ஒன்றும் கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எளிமையான பீடம், வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். இங்கே பார்க்க வேண்டியது முற்றமும், தனியாக நிற்கும் மணிக்கூண்டும், நடைபாதையில் படுத்திருக்கும் கல்லறைகளும். சுமார் 350 ஆர்மீனியர்களை இங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். அதில் ஒருவர் ஹருத்யூன் ஷ்மாவோனியான் என்ற பாதிரியார். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794ல் அவர் அச்சிட்டது மெட்ராஸில்தான். அவருடைய கல்லறைக் கல்லில் திறந்த புத்தகம் மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன், எனக்கு அடையாளம் தெரியவில்லை. அங்கே இருந்தவர்தான் காட்டினார்.

மாமா மணிக்கூண்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ஆறு மணிகள். நகரத்திலேயே பெரிய மணிகள் என்று பெயர். "எப்ப அடிப்பாங்க ஐயா?" என்று கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் என்றார் காவலுக்கு இருந்தவர். கும்பிட ஆள் இல்லாத கோயிலில் வாரம் தவறாமல் மணி மட்டும் அடிக்கிறார்கள். மதியத்துக்குப் பிறகு போனால் கதவு பூட்டியிருக்க வாய்ப்பு உண்டு, காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். இதே தெருவில் அந்தோணியார் கோயில் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள், கூட்டம் அப்படி இருக்கும்.

சாப்பாடு பக்கத்துத் தெருவில் ஒரு மெஸ்ஸில். சாம்பார் சுமார், மீன் குழம்பு பிரமாதம். கட்டடத்துக்கு வருவோம்.

எழும்பூர். செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க். கிர்க் என்றால் ஸ்காட்லாந்துக்காரர்கள் பேச்சில் சர்ச். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் ஆயிரம் தடவை கடந்திருப்பீர்கள், கூர்க்கோபுரம் மட்டும் தெரிந்திருக்கும். நடைச் சுற்றில் இதைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை! சென்னையில் ஒரே ஒரு சர்ச் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், இங்கே போங்கள்.

வெளியே பார்த்தால் லண்டனின் செயின்ட் மார்ட்டின் சர்ச்சின் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முன்னால் தூண் மண்டபம், அதன் தலைக்கு மேல் கோபுரம். உள்ளே போனால்தான் வேறு கதை. வட்டம். முழு வட்டம். மேலே 51 அடிக்கும் கொஞ்சம் கூடுதலான விட்டத்தில் ஒரு டோம், அதைத் தாங்கப் பதினாறு தூண்கள், டோமின் உட்புறம் ஆழ்ந்த நீலத்தில் பொன்னிற நட்சத்திரங்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செயின்ட் மார்ட்டினைக் கட்டிய ஜேம்ஸ் கிப்ஸ் முதலில் வட்டமாகத்தான் வரைந்தாராம். செலவு அதிகம் என்று லண்டன்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவரும் செவ்வக வடிவில் கட்டிக் கொடுத்துவிட்டு, அந்த வட்டப் படத்தைத் தன் வரைபடத் தொகுப்பில் 1728ல் அச்சிட்டு வைத்தார். லண்டனுக்குக் கட்டுப்படியாகாத வட்டம் தொண்ணூறு வருடம் கழித்து எழும்பூர் சேற்றில் எழுந்து நிற்கிறது.

சேறு என்று சும்மா சொல்லவில்லை. 1818ல் வேலையைத் தொடங்கியபோது இந்த இடம் சதுப்பு. கட்டியவர் தாமஸ் டி ஹாவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர். அவர் என்ன செய்தார் தெரியுமா, வட்டம் வட்டமாகக் கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் அஸ்திவாரத்தை உட்கார வைத்தார். செங்கல்லும் சுட்ட மண் உறையும். நான் இதைச் சொன்னதும் மாமா சட்டென்று திரும்பினார். "உறைகிணறா?" அதேதான் மாமா. கீழடியில் தோண்டி எடுத்தார்களே, அதே உறைகிணறு முறை. தண்ணிக்கு இறக்குகிறதை இங்கே பாரம் தாங்க இறக்கியிருக்கிறார்கள். இந்த ஊர் ஆட்களுக்குக் கைவந்த வேலை அது, வெள்ளைக்காரப் பொறியாளர் அதைப் பார்த்துப் பயன்படுத்திக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1821ல் சர்ச் திறந்தது, இருநூறு வருடம் தாண்டிவிட்டது. நான் வேலை பார்க்கும் அலுவலகக் கட்டடம் பதினொரு வருடத்துப் பிள்ளை, பார்க்கிங்கில் இப்போதே விரிசல்.

டி ஹாவிலண்டைப் பற்றி இன்னொன்று. இதற்கு முன்னால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் நூறடிக்கு மேல் அகலமான ஒரு செங்கல் ஆர்ச்சைச் சும்மா கட்டி நிறுத்தினார். ஆற்றுக்கு அப்படிப் பாலம் கட்டலாம் என்றதை யாரும் நம்பவில்லை, முடியும் என்று நிரூபிப்பதற்காகத்தான். அது நூறு வருடத்துக்கு மேல் அப்படியே அந்தரத்தில் நின்று, 1930களில்தான் விழுந்தது. வீம்புக்காரர். எனக்கு இந்த மாதிரி ஆட்களைப் பிடிக்கும்.

அப்புறம் அந்தத் தூண்கள். பளபளவென்று, தொட்டால் சில்லென்று இருக்கும், பளிங்கு என்றே நினைப்பீர்கள். மாமா விரல் முட்டியால் ரெண்டு தட்டு தட்டினார், காதை வைத்துக் கேட்டார், உள்ளங்கையால் தடவினார், பிறகு சிரித்தார். "கல்லு இல்லடா. காரை." மெட்ராஸ் சுண்ணாம்புக்கு ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பேர் உண்டு. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்து, நைசாக அரைத்து, வெல்லத் தண்ணியும் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். செட்டிநாட்டு வீடுகளில் முகம் பார்க்கலாம் என்பார்களே, அந்தப் பூச்சின் சொந்தம்தான். மாமாவின் அப்பா காலத்தில் அந்த வேலை தெரிந்த ஆட்கள் இருந்தார்களாம். மாமா சின்னப் பையனாகக் கடுக்காய்த் தண்ணி ஊற வைத்துக் கொடுத்திருக்கிறார், பூச வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர் கரண்டி பிடித்தபோது சிமென்ட் வந்துவிட்டது. "இத முடிச்சவன் ஒரு தூணுக்கு எத்தன நாள் தேச்சிருப்பான்" என்று கேட்டுக்கொண்டே பதினாறு தூணையும் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தார். எங்கேயாவது மட்டம் தப்பியிருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. வட்டத்துக்குள் தூக்குக்குண்டு பிடித்து வேலை செய்வது எவ்வளவு சிரமம் என்று எனக்கு அரை மணி நேரம் பாடம் நடந்தது. பாதி புரியவில்லை, ஆனால் அந்த 700 ரூபாய் மைக்கை விட ஆயிரம் மடங்கு மேல்.

குறை என்று பார்த்தால், வரலாறு சொல்லும் ஒரு பலகையாவது நாங்கள் போன அன்று கண்ணில் படவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஞாயிறு காலை ஆராதனை இருக்கும், அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்கப் போய் நிற்காதீர்கள். மாடத்தில் இருக்கும் ஆர்கன் இங்கிலாந்திலிருந்து 1883ல் வந்தது. வாசிக்கக் கேட்கும் கொடுப்பினை எங்களுக்கு இல்லை. ஒன்பதே முக்கால் மார்க். கால் மார்க்கை மாமா பிடித்து வைத்துக்கொண்டார், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கே முழு மொய் வைக்காத ஆள்.

சாயங்காலம் லஸ். லஸ் கார்னர் என்று சொல்கிறோமே, அந்த லஸ் இந்தச் சர்ச்சுதான். போர்த்துகீசிய மொழியில் வெளிச்சம் என்று அர்த்தம். புயலில் சிக்கிய மாலுமிகளுக்கு ஒரு வெளிச்சம் வழி காட்டியது, அது மறைந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள் என்பது கதை. கல்வெட்டு 1516 என்கிறது. அப்போது சுற்றிலும் காடு என்பதால் காட்டுக் கோயில் என்று பழைய மயிலாப்பூர்க்காரர்கள் இன்னும் சொல்வார்கள். இப்போது சுற்றிலும் அபார்ட்மென்ட். சின்னக் கோயில், தடித்த சுவர், பொன்னிற வேலைப்பாடு உள்ள பீடம். கிர்க்கில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த பிறகு இங்கே வந்தால் வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கும். சர்ச்சுகளை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் இந்த வரிசையிலேயே போங்கள், முதலில் லஸ் பார்த்துவிட்டுக் கிர்க் போனால் லஸ்ஸை மறந்துவிடுவீர்கள்.

கடைசியாகச் சாந்தோம். இங்கே என்னைத் திட்டப் போகிறீர்கள். புனித தோமையாரின் கல்லறை மேல் எழுந்த பேராலயம், பக்திக்கு நான் குறை சொல்லவே மாட்டேன், கீழே கல்லறைச் சிற்றாலயத்தில் முட்டி போட்டு அழுதுகொண்டிருந்தவர்களைப் பார்த்து நாங்களும் சத்தமில்லாமல்தான் நின்றோம். ஆனால் கட்டடமாக மட்டும் பார்த்தால், இப்போது இருப்பது 1896ல் முடிந்த நியோ கோதிக், அதாவது பழைய ஐரோப்பியக் கோதிக் பாணியைத் திரும்பக் கொண்டுவந்தது. போர்த்துகீசியர் கட்டிய பழைய ஆலயத்தை எடுத்துவிட்டுக் கட்டியது. 155 அடி கோபுரம், கூர்மையான வளைவுகள், கண்ணாடி ஓவியம், எல்லாம் அழகுதான், ஆனால் இந்த மாதிரி இங்கிலாந்தில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. கிர்க்கைப் போல இந்த மண்ணோடு மல்லுக்கட்டி எழுந்த கட்டடம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளைப் பூச்சு வெயிலில் கண்ணைக் கூசும், ஐந்து மணிக்கு மேல் போங்கள். கவனிக்க வேண்டிய ஒன்று: பெரிய கோபுரம் போக நடுவில் ஒரு சின்னக் கோபுரம் இருக்கிறது. கல்லறை எங்கே இருக்கிறதென்று கூரையில் வைத்த அடையாளம் அது. மார்க் போட மாட்டேன், கும்பிடும் இடத்துக்கு மார்க் போட்டால் அம்மா அடிப்பார்.

திரும்பும்போது ஆட்டோ சைதாப்பேட்டைப் பாலத்தில் நின்றுவிட்டது, வழக்கமான டிராஃபிக். இந்த இடத்தில் அடையாறு மேல் முதல் பாலத்தை 1726ல் தன் சொந்தக் காசில் கட்டியவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியர் என்று மாமாவிடம் சொன்னேன். பரங்கிமலைக்குப் படிக்கட்டு கட்டிக் கொடுத்ததும் அவர்தான். மாமா இந்தப் பாலத்தில் நாற்பது வருடம் சைக்கிளில் போய் வந்தவர். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே?" என்றார் அப்புறம். "அந்த மணிய அடிக்கிறாங்கன்னு சொன்னாங்களே. எட்டு மணிக்கு வந்து என்ன எழுப்பு."